ஹெரால்டைப் புதுப்பித்தல்: மாற்றியவையும் மாற்றாதவையும்

எங்கள் வீட்டில் இருப்பது 1965இல் மெட்ராஸில் பதிவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், நான்கு கியர். பெரியப்பா புதிதாக வாங்கி, ஓய்வு பெறும்வரை ஓட்டிய வண்டி. அவருடைய காலத்துக்குப் பிறகு ஷெட்டில் நெடுநாள் நின்றிருந்ததை எடுத்து, சேசிஸ் வரை பிரித்து, மீண்டும் கோத்திருக்கிறேன். தகடு வேலையையும் பெயின்ட்டையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இங்கே எழுத நினைப்பது பிரேக், சஸ்பென்ஷன், வயரிங், எஞ்சின் ஆகியவற்றில் எதை மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன், ஏன் என்பதைப் பற்றித்தான். இதே வண்டியையோ இதே வயதுடைய வேறொன்றையோ வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும் என்று நம்புகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு இது நம் ஊர் வண்டி. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1949 முதல் 1988 வரை வண்டலூரில் கார் தயாரித்தது. பிரிட்டனில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, இங்கே 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உருவம் அது. பின்னாளில் பிரிட்டனில் விற்காத நான்கு கதவு வடிவம் ஒன்றையும் வண்டலூரிலேயே உருவாக்கினார்கள். அக்காலத்தில் பெரும்பாலான சிறு கார்கள் பாடியும் சேசிஸும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் தனிச் சேசிஸோடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ட்ரையம்ஃப் கார்களைச் செய்த பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் இல்லாத நிலையில், வெவ்வேறு இடங்களில் அடித்த துண்டுகளைச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளும்படி வண்டியை வடிவமைத்தார்கள். அந்தக் கட்டாயத்தால் நேர்ந்த அமைப்புதான் பிரித்துக் கோக்க வேண்டிய நமக்கு இன்றைக்குப் பெரும் உதவியாக இருக்கிறது. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும் பானெட். அதைத் திறந்தால் எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

வேலையைத் தொடங்கும் முன் எனக்கு நானே ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். புதிதாகப் போடும் எந்தப் பாகமும் தொழிற்சாலையில் போட்ட துளைகளிலேயே உட்கார வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ ஒரு தகட்டையும் வெட்டக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தை எவரேனும் நாளைக்கு மீண்டும் மாட்ட நினைத்தால் ஸ்பேனர் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். வண்டியை நிறுத்துவது, திருப்புவது, அது நடுவழியில் நின்றுபோகாமல் காப்பது ஆகியவை தொடர்பான மாற்றங்களை மனத்தடை இல்லாமல் செய்யலாம். வேகத்துக்காகவும் சொகுசுக்காகவும் செய்யும் மாற்றங்களுக்கு இந்த வண்டியில் இடமில்லை என்பதே என் முடிவு.

சட்டமும் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்டிஓ அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகளோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டு, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாமல் இருந்தால்தான் அதற்கு அந்தத் தகுதி என்கின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நான் இன்னும் அந்தப் பதிவுக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் கதவு அடைபட்டுவிடக் கூடாது என்பதில் ஆரம்பம் முதலே கவனமாக இருந்தேன்.

பாடியைத் தூக்கியதும் கண்ணில் பட்டது எதிர்பார்த்த துருதான். நடுச் சேசிஸின் இரு முதன்மைத் தண்டுகளும் கனத்த தகடு என்பதால் தப்பியிருந்தன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களும் கடல் காற்றில் அரித்துப் போயிருந்தன. அவற்றை மட்டும் வெட்டி, அதே அளவில் மடித்த தகட்டை வைத்து வெல்டிங் செய்தோம். துருப்பிடித்த தகட்டுக்குப் பதில் அதே வடிவில் புதுத் தகடு வைப்பதை நான் மாற்றமாகக் கருதவில்லை. பாடியைத் தூக்குவதற்கு முன் கதவிடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து, ஒவ்வொரு பாடி போல்ட்டின் கீழும் எத்தனை ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். ஹெரால்டின் பாடி முன், பின் என இரண்டு தொட்டிகளாக வருவது. ஷிம் கணக்குத் தவறினால் கதவும் பானெட்டும் எக்காலத்திலும் சேராது.

இனி பிரேக். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிரம். முன்னால் 8 அங்குலம், பின்னால் 7 அங்குலம். நான்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்த் தொடர். ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தால் பெடல் தரையைத் தொடும்; கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். 1960களின் மவுண்ட் ரோட்டுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். ஏபிஎஸ் உள்ள கார் நமக்கு முன்னால் சட்டென்று நிற்கும் இன்றைய ஜிஎஸ்டி சாலையில், வீட்டாரை ஏற்றிக்கொண்டு அந்தப் பிரேக்கை நம்பிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

நல்வாய்ப்பாக, ட்ரையம்ஃப் நிறுவனமே இதற்கான தீர்வை அதே காலத்தில் வைத்திருந்தது. பிரிட்டனில் ஹெரால்டு 1200க்கு முன் டிஸ்க் பிரேக் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலிலிருந்தே 9 அங்குல முன் டிஸ்க் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு அங்கே இன்றும் ஆர்வலர் கூட்டம் பெரிது என்பதால் உதிரி பாகங்களைப் புதிதாகவே செய்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்டிகல் லிங்க், ஸ்டப் ஆக்ஸில், ஹப், காலிப்பர் பிராக்கெட், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர், டிஸ்க் ஆகியவற்றை ஒரே தொகுதியாக வரவழைத்தேன். இதில் ஒன்றை மட்டும் இங்கே கிடைக்கும் வேறொரு காரின் பாகத்தைக் கொண்டு ஈடுகட்டலாம் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதற்காகப் பிராக்கெட்டை லேத்தில் கடைந்து, வெல்டிங் வைத்துப் பொருத்திய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உயிரைத் தாங்கும் இடத்தில் அந்தத் துணிவு வேண்டாம் என்பது என் கருத்து. சுங்க வரி கனமாகத்தான் இருந்தது. வேறு செலவைக் குறைத்துக்கொண்டு அதைக் கட்டினேன்.

மாஸ்டர் சிலிண்டரையும் முன், பின் எனத் தனித்தனியாக அழுத்தும் இரட்டை வகைக்கு மாற்றினேன். இதைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டத்தை மட்டுமல்ல, உள்ளே எச்ச அழுத்த வால்வு இருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். டிரம் பிரேக்குக்காகச் செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் அந்த வால்வு இருக்கும். அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் குழாய்களை இரும்புக்குப் பதில் செம்பு-நிக்கல் கலவைக் குழாயில் புதிதாக இழுத்தோம். கடற்கரை ஊரில் அதற்கு இணை இல்லை. பின்னால் பழைய டிரம்களே இருக்கின்றன. டிரம்மைக் கடைந்து, ஷூவுக்குப் புது லைனர் ஒட்டி, வீல் சிலிண்டர்களைப் புதிதாகப் போட்டதோடு சரி.

பிரேக்குக்காக முன் சஸ்பென்ஷனைக் கழற்றியபோதுதான் ஹெரால்டு வைத்திருக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்குக்கு மேலே பால் ஜாயின்ட் உண்டு, கீழே கிடையாது. கீழே இருப்பது ட்ரனியன் என்ற, உள்ளங்கையில் அடங்கும் வெண்கல வார்ப்பு. வெர்டிகல் லிங்க்கின் அடியில் வெட்டிய மரை அதற்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். வண்டியின் முன்பக்க எடையும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இதற்குத் தொழிற்சாலை சொன்னது இபி 90 என்ற கெட்டியான கியர் ஆயில். ஆனால் நம் சர்வீஸ் நிலையங்களில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே கிரீஸ். கிரீஸ் கீழ் மரை வரை இறங்காது, நாளடைவில் இறுகிப்போகும், பின்னர் எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே போகவிடாது. மழைத் தண்ணீர் மட்டும் மேல் ரப்பர் வளையத்தின் வழியாக இறங்கி, மரை தொடங்கும் கழுத்துப் பகுதியில் தங்கி அரிக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக வளைத்துத் திருப்பும்போது, அந்தக் கழுத்து ஒடிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும்.

எனக்கு உதவிய மெக்கானிக் ஹெரால்டுகள் நிறைய ஓடிய காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர். இடது பக்க ட்ரனியனை மரையிலிருந்து விடுவித்து என் கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது கிரீஸ் என்று சொல்ல முடியாது. பாகு இறுகி அச்சுவெல்லமானதுபோல் மரை இடுக்குகளில் கெட்டியாகப் படிந்திருந்ததை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. “இது எண்ணெய் குடிக்கிற சாமான் தம்பி, கிரீஸ் அடிச்சா செத்துப் போயிடும்,” என்றார். மண்ணெண்ணெயில் கழுவியதும் மரைக்குச் சற்று மேலே கழுத்தைச் சுற்றி மோதிரம்போல் ஒரு துருக் கோடும், அதில் ஊசி முனை அளவுக் குழிகளும் தெரிந்தன. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சாயச் சோதனை செய்யக் கொடுத்தேன். சிவப்புச் சாயத்தைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் மெல்லக் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். இடது லிங்க்கில் அந்தக் கோடு சுற்றளவில் கால் பங்குக்கு எழுந்தது. வலது லிங்க்கில் எதுவும் இல்லை.

புது லிங்க்குகள் ஏற்கெனவே வந்திருந்ததால் மாற்றுவதில் சிக்கல் இல்லை. ட்ரனியன்களையும் புதிதாகவே போட்டேன். இடது, வலது இரண்டுக்கும் மரையின் திசை வேறு என்பதால் மாற்றிப் போட முடியாது. கிரீஸ் நிப்பிள்களை எடுத்துவிட்டு, தொழிற்சாலை கொடுத்ததுபோல் அடைப்பு மரைகளைப் போட்டிருக்கிறேன், யார் கையிலும் கிரீஸ் துப்பாக்கி அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகவே. எண்ணெய் விடும்போது மட்டும் அடைப்பை எடுத்து, நிப்பிளை மாட்டி, ஆயில் நிரப்பிய தனித் துப்பாக்கியால் மேல் வளையத்தில் எண்ணெய் கசியும்வரை அழுத்துவேன். ட்ரனியனே வேண்டாம் என்று பால் ஜாயின்ட்டுக்கு மாற்றும் தொகுதியும் பிரிட்டனில் கிடைக்கிறது. எண்ணெயைச் சரியாக விட்டால் மூல அமைப்பே நெடுங்காலம் உழைக்கும் என்பதால் நான் அதை நாடவில்லை.

பின் சஸ்பென்ஷனில் எடுத்த முடிவுக்குத்தான் அதிகம் யோசித்தேன். ஹெரால்டின் பின்னால் குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டை. நடுவில் டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மேல் இறுக்கப்பட்டு, இரு நுனிகளிலும் சக்கரங்களைத் தாங்கும். அரை ஆக்ஸில்கள் டிஃபரன்ஷியலை ஒட்டி மட்டும் மடங்கும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் மேலெழுந்து, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். பின்பக்கம் வழுக்கிப் போகும். இங்குள்ள உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் அதை விரும்பாததால்தான், 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் 948 சிசி எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் திடமான ஒற்றை ஆக்ஸிலுக்கு மாறினார்கள்.

கெஸல் ஆக்ஸிலையே ஹெரால்டில் பொருத்தலாமே என்று பலர் சொன்னார்கள். அது நம் ஊர்ப் பாகம், அதே தொழிற்சாலையின் சிந்தனை, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தாங்க ஹெரால்டின் சேசிஸில் புது மவுண்டிங் வெல்டிங் செய்ய வேண்டும். அது என் விதிக்கு வெளியே போகிறது. 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4க்கு ட்ரையம்ஃப் செய்த தீர்வு வேறு. ஸ்பிரிங்கின் அடிப் பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலில் இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகளை நடுவில் ஒரு கீலின் மேல் ஊசலாட விட்டார்கள். குழியில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் முழு வலுவோடு நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது மட்டும் தளர்ந்து கொடுப்பதால், வெளிச் சக்கரம் மடங்கும் போக்கு பெரிதும் குறைகிறது. அந்தத் தளர்வை ஈடுகட்ட வளைவில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்ட்டி-ரோல் பாரை முன்னால் சற்றுத் தடித்ததாகப் போட வேண்டும். பழையதை எடுத்த இடத்தில் அது அப்படியே உட்காரும். பழைய ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மின்சாரப் பகுதியில் எங்கள் வண்டி அக்காலப் பிரிட்டிஷ் வழக்கப்படி பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் நேர் முனை பாடியில். லூகாஸ் டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் வரை கொடுக்கும், அதுவும் எஞ்சின் ஓடும் வேகத்தைப் பொறுத்து; ஐடிலிங்கில் அது கொடுப்பது மிகச் சொற்பம். இரவு, மழை, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைக் குடித்துத்தான் ஓட வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு மாறுவதே சரி. புதுப்பேட்டையில் மாருதி 800இன் ஆல்டர்னேட்டர் எளிதில் கிடைக்கும். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஐடிலிங்கிலும் போதிய மின்சாரம் தரும். டைனமோ இருந்த இடத்திலேயே ஒரு சிறு அடாப்டர் பிராக்கெட்டைக் கொண்டு பொருத்தினேன்.

ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் கட்டாயம். பேட்டரியைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. இக்னிஷன் காயிலின் இரு சிறு முனைகளின் வயர்களையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாய்ந்து வலுவிழக்கும். டேஷ்போர்டிலுள்ள சிவப்பு இக்னிஷன் விளக்கு இப்போது ஆல்டர்னேட்டரை விழிக்கவைக்கும் வேலையையும் செய்கிறது. அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் சுருளில் காந்தத்தை எழுப்புகிறது. எனவே அந்த இடத்தில் பழைய இழை பல்பே இருக்க வேண்டும். எல்இடி போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம். பழைய ரெகுலேட்டர் பெட்டியை இடத்தை விட்டு எடுக்காமல், வயர்களை மட்டும் விடுவித்து, அதன் முனைகளையே இணைப்பு முனைகளாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அதைவிட அவசரமான வேலை ஃபியூஸ். வண்டியின் மூல வயரிங்கில் ஃபியூஸ் என்று ஒன்றுமே இல்லை. துணி சுற்றிய பழைய வயர் ஒன்று எங்கேனும் உரசி பாடியைத் தொட்டால், வயர் பழுத்து எரியும்வரை பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகள் தீப்பற்றுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. முழு ஹார்னஸையும் அதே வயர் நிறங்களில் புதிதாகச் செய்து, பார்சல் ஷெல்ஃபுக்கு அடியில் பிளேடு ஃபியூஸ் பெட்டி வைத்தேன். ஹெட்லைட்டுகளுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டதால் பழைய சுவிட்சின் வழியாக இப்போது ஓடுவது ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரம் மட்டும்தான். விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடிவிட்டது. பழைய கார் ஒன்றுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யத்தான் பணம் இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், பிரேக்குக்கு அடுத்தபடியாக ஃபியூஸைத்தான் சொல்வேன்.

டிஸ்ட்ரிபியூட்டரில் பிளாட்டினம் பாயிண்ட்டுக்குப் பதில் மூடிக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றைப் போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பாயிண்ட் தேயத் தேய டைமிங் நகர்ந்துகொண்டே போகும் தொல்லை இதில் இல்லை. மாட்யூல் கெட்டுப்போனால் சாலையோரத்தில் சரிசெய்ய வழியில்லை என்பதால், பாயிண்ட்டும் கண்டன்சரும் இடைவெளியை அளக்கும் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபீலர் கேஜும் காரிலேயே இருக்கின்றன.

எஞ்சினைப் பற்றி. இத்தகைய வண்டிகளுக்கு மாருதி ஜிப்ஸி ஜீப்பின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைப்பது நம்மிடையே பரவலாக நடக்கிறது. பின் சக்கரத்துக்கு ஏற்ற நீளவாட்ட அமைப்பு, எங்கும் கிடைக்கும் பாகங்கள், ஐந்து கியர் என்று அதற்குச் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் 35 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவான எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்த டிஃபரன்ஷியலும் அரை ஆக்ஸிலும் அதைப் போல இரு மடங்கு இழுவையை வெகுகாலம் தாங்கா. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் மாறும். விண்டேஜ் தகுதி போய்விடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 63 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த நீள்வீச்சு எஞ்சின் கீழ்வேகத்திலேயே இழுக்கும் பாங்கும், அதன் ஓசையும்தான் இந்த வண்டியை ஹெரால்டு ஆக்குகின்றன. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் மிக்கெலாட்டியின் தகடு மட்டும்தான் மிஞ்சும்.

எனவே பழைய எஞ்சினையே உள்ளுக்குள் செம்மை செய்தோம். பிளாக்கை போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க்கை 10 தௌ கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் பார்த்ததில் பழைய அதிர்வு பாதியாகக் குறைந்தது. இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு உறுதியான சீட் வளையங்கள் பொருத்தினோம். ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் ஈயமே வால்வுக்கும் சீட்டுக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்று காத்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் அந்தக் காப்பு இல்லை. எண்ணெய் 20டபிள்யூ-50, அதில் துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன், தட்டை டேப்பெட் உள்ள கேம்ஷாஃப்டுக்கு அது தேவை.

எத்தனால் இன்னொரு கவலை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கிவிடுகிறது. பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் நாட்களில் டாங்க்கில் ஈரம் சேர்ந்து அடியில் தங்குவதால், பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்றும் இருக்கிறது.

ரேடியேட்டரின் மேல், கீழ் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள ‘கோர்’ பகுதியை மட்டும் கனமாகப் புதுப்பித்தேன். அதற்கு முன்னால் வெப்பச் சுவிட்சோடு ஒரு மின்விசிறி. ஆல்டர்னேட்டர் இல்லாமல் இதை நினைத்தே பார்க்க முடியாது. கோடையில் கத்திப்பாரா நெரிசலில் நின்றாலும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டுவதில்லை.

டயர் 5.20-13 அளவில் குறுக்கிழை வகையாக இருந்தது. அதற்குப் பதில் 145/80 ஆர்13 ரேடியல். பழைய ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை என்பதால் டியூப் போட்டே ஓட்டுகிறேன். டிஃபரன்ஷியலின் விகிதம் 4.875. அதாவது டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3700 சுற்றுகளுக்கு அருகில் ஓடும். பிரிட்டனின் 1200இல் இருந்த 4.11 விகிதத்தைப் போட்டால் நெடுஞ்சாலையில் அமைதி கிடைக்கும். ஆனால் நான்கு பேரோடு ஏலகிரி ஏறும்போது இந்தச் சிறு எஞ்சின் திணறும். எனவே பழைய விகிதமே இருக்கிறது. 70இலிருந்து 75 வரைக்குள் போவதுதான் இந்த வண்டிக்கு இதம்.

என் விதியை மீறிய ஓர் இடம் உண்டு. முன் இருக்கைகளுக்கு மூன்று முனை சீட் பெல்ட் பொருத்துவதற்காகக் கதவுத் தூணிலும் தரையிலும் துளையிட்டு, உட்புறம் கனத்த தகடு கொடுத்து இறுக்கியிருக்கிறேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

இப்போது வண்டி நிற்கிறது, நேராகப் போகிறது, இரவில் வெளிச்சம் தருகிறது. 25 அடி விட்டத்தில் ஆட்டோபோல் வளைந்து திரும்பும் அதன் பழைய திறமை அப்படியே இருக்கிறது. புது டிஸ்க் பிரேக்குக்கு டிரம்மைவிடச் சற்று அழுத்தமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. வாக்குவம் பூஸ்டர் ஒன்றை வைக்கலாமா என்று யோசித்து, அதன் அளவுக்கு பானெட்டுக்குள் மூலத் துளைகளில் இடம் கிடைக்காததால் விட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் மட்டும் பாக்கி. முதல் கியருக்குச் சின்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இரண்டாம் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்து, குளிர்ந்த எஞ்சினில் கரகரக்கிறது. அதற்கான பாகங்கள் வந்து சேர்ந்துவிட்டன. மழைக்காலம் முடிந்ததும் கியர்பாக்ஸை உள்ளிருந்தே, முன் இருக்கைகளையும் நடு மூடியையும் எடுத்துவிட்டு, இறக்குவதாகத் திட்டம்.